கதவைச் சாத்திக்கொண்ட ஞானபாக்கியம் அக்கா

ஞானபாக்கியம் அக்காவைப் பற்றிச் சொல்ல வந்தால் அவள் வீட்டுக் கதவிலிருந்துதான் தொடங்க வேண்டும். சேத்தூரில் எங்கள் தெருவிலேயே பகலில் சாத்தாத கதவு அது ஒன்றுதான். எங்கள் வீடு அதற்கு நேர் எதிர். என் தையல் மிஷின் ஜன்னலோரம் கிடக்கிறது. மிதிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால் கண்ணில் படுவது அவள் வாசல்தான். "நாகஜோதி வேவு பாக்கா" என்று என் மாமியார் சொல்வாள். கண்ணைப் பிடுங்கி நூல்கண்டு டப்பாவிலா போட்டு வைக்க முடியும்?

அக்காவுக்கு ராஜபாளையம் பக்கத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை. காயத்துக்குக் கட்டுகிற வெள்ளைத் துணியைச் சுற்றிச் சுற்றி உறையில் போடுவது. அவள் வீட்டுக்காரர் தேவநேசன் அண்ணன் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். மிஷின் இரைச்சலிலேயே இருந்து பழகியதாலோ என்னவோ, வீட்டில் வாயைத் திறக்கவே மாட்டார். ஒரே மகள் ஷெரின். அவளைக் கட்டிய ஜோயல் சார்ஜாவில் ஏசி மெக்கானிக். இவ்வளவுதான் குடும்பம்.

ஆனால் தெருவில் யார் வீட்டுப் பெண்ணுக்கு வலி எடுத்தாலும் முதலில் வந்து நிற்பது அக்காவின் வாசலில்தான். அவள் மருத்துவச்சி இல்லை. வைத்தியம் ஒன்றும் தெரியாது. வயர் கூடையில் ஒரு பிளாஸ்கையும் நாலு பழைய வேட்டித் துணியையும் போட்டுக்கொண்டு கூடவே ஆட்டோவில் ஏறிவிடுவாள். அவ்வளவுதான் அவள் செய்வது. ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்சுகளுக்கெல்லாம் அவளைத் தெரியும். கோயிலுக்குப் போகிறவள், சர்ச்சுக்குப் போகிறவள் என்றெல்லாம் பார்க்க மாட்டாள். என் இரண்டு பிள்ளைகள் பிறந்தபோதும் என் பக்கத்தில் இருந்தது அவள்தான். 'முடியாது' என்ற சொல்லை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் எனக்கு அவள் மேல் அவ்வப்போது எரிச்சல்கூட வரும். கம்பெனியில் பகலெல்லாம் நின்று கால் வீங்கி வந்தவளை மறுபடி கூட்டிக்கொண்டு போகிறார்களே, கொஞ்சமாவது மனசாட்சி வேண்டாமா!

இப்படி ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் நின்றவளுக்குத் தன் பிள்ளைக்கு நிற்கக் கொடுத்துவைக்கவில்லை. ஷெரின் முதல் தடவை உண்டாகியிருந்தபோது கொரோனா வந்தது. மகளைப் போய்க் கூட்டிவர அக்கா புதிதாகப் பாஸ்போர்ட் எடுத்து, கம்பெனியில் லீவும் சொல்லியாயிற்று. அந்த மார்ச்சில் விமானங்களையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். ஆறாவது மாதத்தில் ஷெரினுக்கு ரத்தம் பட்டது. அங்கே ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒருவரையும் விடவில்லை. ஜோயலையே வாசலில் நிறுத்திவிட்டார்களாம். அந்தப் பெண் தன்னந்தனியாகக் கிடந்து பிள்ளையைப் பறிகொடுத்தாள். அன்றைக்கு அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுத அழுகை தெருவுக்கே கேட்டது.

மறுவருஷம் ஷெரின் திரும்பவும் உண்டானாள். இந்தத் தடவை டாக்டர் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, படுக்கையை விட்டு அதிகம் எழுந்திருக்கக் கூடாது, விமானத்தில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய் வீட்டுக்கு வருவதுதான் முறை. இங்கே தாய் போக வேண்டியதாகிவிட்டது. தினமும் வீடியோ காலில் அந்தப் பெண் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"இந்தத் தடவை வந்துருவல்லாம்மா?"

"வந்துருதேன்ட்டி. நீந்தியாச்சும் வந்துருதேன்" என்பாள் அக்கா.

நீந்துவதே சுலபமாக இருந்திருக்கும். ஊருக்குள் வர அந்த நாட்டுக்காரர்கள் போட்டிருந்த சட்டம் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஜோயல் ஒவ்வொன்றாக வாட்ஸப்பில் பேசி அனுப்புவான். ஊசி இரண்டும் போட்டிருக்க வேண்டும். அந்த ஊசியும் அவர்கள் ஒத்துக்கொண்ட ஊசியாக இருக்க வேண்டும். புறப்படுவதற்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட். விமான நிலையத்தில் இன்னொரு டெஸ்ட். போய் இறங்கியதும் மற்றுமொரு டெஸ்ட். பெண் கேட்டுப் போகிற வீட்டில்கூட இத்தனை கேள்வி இருக்காது.

சேத்தூரில் முதல் ஊசி முகாம் போட்ட அன்று பாதித் தெரு தோப்புக்குள் ஒளிந்துகொண்டது. அக்கா வரிசையில் முதல் ஆளாக நின்றாள். ஜாக்கெட் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நர்சிடம் கேட்டாள்:

"ஏம்மா, இது சார்ஜாவுல ஒத்துக்கிடுத ஊசியா?"

நர்சுக்கு ஒன்றும் புரியவில்லை. "நோய் வராம இருக்கப் போடுத ஊசிம்மா. சார்ஜாவுல எதுக்கு ஒத்துக்கிடணும்?"

அன்றைக்கு வந்திருந்தது கோவாக்சின். கோவிஷீல்டுதான் அங்கே செல்லும் என்று ஜோயல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அக்கா அசடு வழியக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வரிசையை விட்டு விலகினாள். அவளுக்குப் பின்னால் நின்ற அன்னத்தாய், அக்காவின் சர்ச் சபைக்காரி, "சார்ஜாக்காரி வாராக, வழி விடுங்கட்டி" என்று கையைக் காட்டினாள். வரிசையே சிரித்தது. கோவிஷீல்டு முகாம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என்று கேள்விப்பட்டு, அக்கா பஸ் ஏறிப்போய் அங்கே போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டாவது ஊசியும் அங்கேதான். இரண்டு தடவையும் காய்ச்சலோடு வேலைக்குப் போனாள்.

எல்லாம் கூடி வந்தது. பிப்ரவரி நடுவில் பிரசவம். பொங்கல் கழிந்து ஜனவரிக் கடைசியில் திருவனந்தபுரத்திலிருந்து டிக்கெட். சுக்கு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி என்று பிள்ளை பெற்றவளுக்கு மருந்து கிண்டுவதற்கான சாமான்களையெல்லாம் அக்கா கட்டி வைத்துவிட்டாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு மெத்தென்று பழம்புடவைத் துணியில் நான் சட்டை தைத்துக் கொடுத்தேன்.

அங்கேதான் வந்தது வினை. வெளிநாடு போகிறவர்களைச் சபை கூடி ஜெபித்து அனுப்புவது அவர்கள் வழக்கம். போகிறவர்களை நடுவில் முழங்கால் போட வைத்து, சுற்றி நின்று ஆளாளுக்குத் தலையில் கை வைப்பார்கள். வழக்கமாக இது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நடக்கும். அப்போது மூன்றாவது அலை என்று வெள்ளி முதல் ஞாயிறு வரை எல்லா ஆலயங்களையும் பூட்டியிருந்தார்கள். சரி, விட்டுவிட வேண்டியதுதானே? 'ஊருக்கெல்லாம் ஓடின ஞானபாக்கியத்தை ஜெபமில்லாமல் அனுப்புவதா' என்று வியாழக்கிழமை சாயங்காலம் சபையே வீட்டுக்குக் கிளம்பிவிட்டது.

நான் முந்தின நாளே தலைதலையாக அடித்துக்கொண்டேன். "எக்கா, டெஸ்ட் எடுக்கப்போற நேரத்துல கூட்டத்த சேக்காத. வரவேண்டாம்னு போன் போட்டுச் சொல்லிரு."

"பாசமா வாரவியள வராதியன்னு எப்படிட்டி சொல்ல?" என்றாள்.

வந்தார்கள். முன்னறை நிரம்பி, முற்றம் நிரம்பி, என் வீட்டு வாசல்வரை செருப்பு கிடந்தது. சபையைக் கவனித்துக்கொள்கிற எட்வின் உபதேசியார், "சுருக்கமா முடிச்சிருவோம்" என்று சொல்லித்தான் தொடங்கினார். பாட்டு மட்டும் நாலு. அன்னத்தாய் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு எட்டுக்கட்டையில் பாடினாள். நடுவில் அக்கா கண்ணை மூடி முழங்காலில் நிற்க, அவள் தலையில் எத்தனை கை! அவளால் பிழைத்தவர்கள், அவளால் தைரியம் பெற்றவர்கள், பாதிப் பேருக்குக் கண்ணில் தண்ணீர். வாசலில் நின்ற எனக்கும்தான் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், பார்க்க அழகாக இருந்தது. பிறகு எல்லாரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை ராஜபாளையத்தில் ஒரு லேபில் டெஸ்ட் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ரிசல்ட் வந்தது. அவள் போனை வாங்கி நான்தான் பார்த்தேன். கொரோனா இருக்கிறது என்று போட்டிருந்தது.

யார் கொண்டுவந்தது என்று யாருக்குத் தெரியும்? அடுத்த நான்கைந்து நாளில் சபையில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், இருமல். நல்ல வேளை, எல்லாருக்கும் லேசாகத்தான் வந்து போனது. அக்காவின் டிக்கெட்தான் போனது. அவளைப் பின்னறையில் விட்டுவிட்டு அண்ணன் முற்றத்தில் படுத்தார். நான் கஞ்சியைக் கொண்டுபோய் ஜன்னலில் வைப்பேன்.

"எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் போயி நின்னேனேட்டி" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எம்புள்ளைக்கு மட்டும் ரெண்டாவது தடவையும் இப்படி ஆகுதே. நான் என்ன பாவம் செஞ்சேன்?"

எனக்கு ஆற்றாமை பொங்கிக்கொண்டு வந்தது. "நீ ஒரு பாவமும் செய்யல. வராதேன்னு ஒரு வார்த்த சொல்லல, அம்புட்டுதான். அங்க ஒருத்தி வயித்தப் பிடிச்சுக்கிட்டு உன்னையே எதிர்பார்த்துக் கிடக்கா. இங்க நீ பிரியாணி பரிமாறிக்கிட்டு இருந்த!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே நானும் அழுதேன்.

காய்ச்சல் விட்டு, இருமல் விட்டு, ஆள் நன்றாக நடமாடத் தொடங்கிய பிறகு இரண்டாவது டெஸ்ட் கொடுத்தாள். அதிலும் இருக்கிறது என்றே வந்தது. நோய் போன பிறகும் சிலருக்குக் கொஞ்ச நாள் அப்படிக் காட்டும், பொறுங்கள் என்றார் டாக்டர். பொறுக்கலாம், பிள்ளை பொறுக்குமா? ஜோயல் டிக்கெட் தேதியை இன்னொரு தடவை மாற்றினான். இந்தத் தேதியும் தவறினால் பிறகு பிரசவத்துக்கு முன்னால் போய்ச் சேர வழியில்லை. ஷெரின் இப்போது 'வந்துருவல்லாம்மா' என்று கேட்பதையே நிறுத்திவிட்டாள். அதுதான் அக்காவை உலுக்கிவிட்டது.

மறுநாள் காலையில் எதிர் வீட்டிலிருந்து ஒரு கிரீச் சத்தம். நிமிர்ந்து பார்த்தால் கதவு சாத்தியிருக்கிறது! கீல் துருவேறிப் போயிருந்தது. தேவநேசன் அண்ணன் மில்லிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் விட்டுக்கொண்டிருந்தார். "இனி யாரையும் விட மாட்டாளாம்" என்றார் என்னைப் பார்த்து. அந்த வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

சாத்திய கதவுக்கு நல்ல சோதனை வந்தது. மூன்றாவது டெஸ்டுக்கு முந்தின நாள் மத்தியானம், அன்னத்தாய் ஓட்டமும் நடையுமாக வந்து அந்தக் கதவைத் தட்டினாள். பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்த அவள் மகள் எலினாவுக்கு வலி கண்டுவிட்டது. ஆட்டோ தெருமுனையில் நிற்கிறது.

"ஞானம்! ஏ ஞானம்! கதவத் தொற. புள்ள துடிக்கா. நீ வந்தாத்தான் ஆட்டோவுல ஏறுவேங்கா!"

நான் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தேன். எனக்குத் தெரியும், அக்கா உள்ளே கூடையைத் தேடுகிறாள் என்று. ஜன்னல் திறந்தது. வயர் கூடை அவள் கையில் இருந்தது. முகம் வெளிறிப்போயிருந்தது.

"நான் வரலட்டி" என்றாள்.

அன்னத்தாய்க்குக் காதில் விழவில்லையா, விழுந்தும் நம்பவில்லையா தெரியாது. கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அன்னம், நான் வர மாட்டேன். நாளைக்கு எனக்கு டெஸ்டு. ஆஸ்பத்திரிக்கு வந்து ஏதாச்சும் ஒட்டிக்கிச்சுன்னா எம்புள்ள தனியாக் கெடப்பா. என்ன மன்னிச்சுக்க." பிறகு என்னைப் பார்த்தாள். "ஏட்டி ஜோதி, நீ போ."

"நானா? ஊசி குத்துனாலே மயக்கம் போட்டு விழுதவ நான்!"

"போட்டி. நான் போன்ல இருக்கேன்."

கூடையை ஜன்னல் கம்பி வழியே நீட்ட முடியாமல், அதிலிருந்த பிளாஸ்கையும் துணியையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். எப்படி ஆட்டோவில் ஏறினேன் என்று எனக்கே தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஒரு பக்கம் எலினா கத்துகிறாள், மறு பக்கம் அன்னத்தாய் அவளைவிடச் சத்தமாகக் கத்துகிறாள். ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒரு பெண்ணைத்தான் விடுவார்கள். அன்னத்தாய் அழுத அழுகையில் நர்ஸ் அவளை வெளியே நிறுத்திவிட்டு என்னைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள்.

எனக்குத் தலை சுற்றியது. போனில் கிசுகிசுத்தேன். "எக்கா, நான் இப்போ என்ன செய்யணும்? சொல்லு, சீக்கிரம் சொல்லு."

"கையப் பிடிச்சுக்க."

"பொறவு?"

"அம்புட்டுதான். விட்டுராத."

இதற்காகவா இத்தனை வருஷமாக இவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. போனைப் பையில் போட்டுவிட்டு எலினாவின் கையைப் பிடித்தேன். அவள் பிடித்த பிடியில் என் வளையல் இரண்டு நொறுங்கிவிட்டது. ஆனால் பிடித்த பிறகு அந்தப் பெண் கத்துவதைக் குறைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நானும் மயக்கம் போட மறந்துவிட்டேன். பொழுது சாய்வதற்குள் ஆண் பிள்ளை. நல்ல கறுப்பு, நல்ல குரல். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டு, எதிர் ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினேன். அக்கா அங்கிருந்தே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

மூன்றாவது டெஸ்டில் கொரோனா இல்லை என்று வந்தது. அப்பாடா! படித்ததும் தெருவில் நின்று கத்தியே சொன்னேன். யார் என்ன நினைத்தால் எனக்கென்ன!

புறப்படுகிற அன்று காலையில் கார் வந்து நின்றது. சபைக்காரர்கள் வந்தார்கள், ஆனால் ஒருவரும் கிட்டே வரவில்லை. தெருவின் அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசி வரை அவரவர் வாசலிலும் சுவரோரமுமாகத் தள்ளித் தள்ளி நின்றார்கள், எல்லார் மாஸ்க்கும் மூக்குக்கு மேலே. எட்வின் உபதேசியார் எங்கள் வீட்டுப் பக்கமிருந்தே கையை நீட்டினார். அவரைப் பார்த்து எல்லாரும் நீட்டினார்கள். மாரியம்மன் கோயிலுக்குப் போகிற எங்கள் ஆட்களும்தான் நீட்டினார்கள். ஜெபம் நிஜமாகவே சுருக்கமாக முடிந்தது. முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, கைக்குழந்தையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்த மகளுக்குப் பக்கத்தில் அன்னத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றைக்கு அவள் பாடவில்லை. அக்கா யாரையும் தொடாமல் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

திருவனந்தபுரத்தில் எடுத்த டெஸ்டும் தேறியது. சார்ஜாவில் இறங்கியதும் இன்னொரு தடவை குச்சியை விட்டார்கள். அந்த ரிசல்ட் வரும்வரை மகளிடம் போகக் கூடாது என்று அக்காவே முடிவு பண்ணிக்கொண்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். ஷெரின் வெளியே கதவில் சாய்ந்து உட்கார, இவள் உள்ளே கதவில் சாய்ந்து உட்கார, இருவரும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். "கதவச் சாத்தப் பழகிட்டியேம்மா" என்று ஷெரின் சிரித்தாளாம். மறுநாள் ரிசல்ட் வந்ததும் ஜோயல் கதவைத் திறந்தான். அதற்கப்புறம் இருவரும் ஒருத்தியை ஒருத்தி விடவே இல்லை என்று அவன் எனக்குப் பேசி அனுப்பியிருந்தான். இரண்டு தடவை போட்டுக் கேட்டேன்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் நான் ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்காதான். குரலே சரியில்லை.

"ஏட்டி ஜோதி, ஆஸ்பத்திரியில இருக்கேன். உள்ள கூப்பிடுதாக. எனக்குக் கால் வரல."

"என்னக்கா சொல்லுத?"

"மொதத் தடவ நடந்தது மாதிரி ஆயிருமோன்னு பயமா இருக்கு. எத்தன பேருக்கு நின்னேன், எம்புள்ளைக்கு நிக்கப் பயமா இருக்குட்டி. நான் என்ன செய்யட்டும்?"

ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து நின்றேன். எதிரே அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

"கையப் பிடிச்சுக்கக்கா" என்றேன். "அம்புட்டுதான். விட்டுராத."

அவள் போனை வைக்கவில்லை. பையில் போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது. துணி உரசுகிற சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்தது. யாரோ புரியாத பாஷையில் என்னவோ சொன்னார்கள். பிறகு ஷெரினின் குரல், "வந்துட்டியாம்மா" என்று.

"வந்துட்டேன்ட்டி" என்றாள் அக்கா.

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. என் மாமியார் வந்து என்னவென்று கேட்டாள்; கையைக் காட்டி நிறுத்தினேன். எங்கள் தெருவில் விளக்குகளெல்லாம் எரியத் தொடங்கியபோது, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. செய்தி சொல்ல நான் தெருவில் இறங்கி அன்னத்தாய் வீட்டுக்கு ஓடினேன்.